அன்புள்ள காட்டரிக்கு, பிளேட் ஒட்டியவள் எழுதுவது

அன்புள்ள காட்டரிக்கு,

ஆபரேஷனில் மின்சாரத்தால் திசுவை வெட்டி, இரத்தத்தையும் அடக்குகிற கருவி நீ. உன் மஞ்சள் பொத்தானையும் நீலப் பொத்தானையும் நான் ஒருநாளும் அழுத்தியதில்லை. அவை சர்ஜனின் விரலுக்கு உரியவை. அரசு மருத்துவமனை ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்த காலமெல்லாம் உனக்கும் எனக்கும் பழக்கம் நோயாளியின் தொடைப் பக்கத்தில்தான். பிளேட்டை ஒட்டுவேன், ஒயரைச் சொருகுவேன், சொன்ன எண்ணுக்கு மெஷினைத் திருப்பி வைப்பேன். "சிஸ்டர், பிளேட் போட்டாச்சா?" "போட்டாச்சு சார்." அவ்வளவுதான் எங்கள் வசனம். அதன்பிறகு விளக்கும் கண்களும் உன் முனைமேல் போய்விடும். கேஸ் நல்லபடியாக முடிந்தால் வீட்டார் டாக்டரைக் கும்பிடுவார்கள். மயக்க டாக்டரைத் தேடிப்போய்க் கும்பிடுகிறவர்களும் உண்டு. உன்னை யாரும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை, ஆயுத பூஜையன்று தவிர. அன்று உனக்கும் சந்தனப் பொட்டு வைத்து, பொரியும் பழமும் படைப்போம். வருஷத்துக்கு ஒரு பொட்டு உனக்குப் போதாது என்று ஓய்வுபெற்றபின் தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

காட்டரியே, நீ இல்லாத காலத்துத் தியேட்டரில் நான் வேலை பார்த்ததில்லை. ஆனால் கரண்ட் போகும்போது அந்தக் காலம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துவிடும். ஜெனரேட்டர் எடுப்பதற்குள், தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பிலிருந்து இரத்தப் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். ஒன்றை மாப்பால் அழுத்தினால் பக்கத்தில் இன்னொன்று. மஸ்கிட்டோ ஃபோர்செப்ஸால் கவ்வி, நூலால் முடிச்சிட்டு, நூலை நறுக்கி, அடுத்ததற்குப் போக வேண்டும். பெரிய இரத்தக் குழாய்க்கு இன்றைக்கும் முடிச்சைத்தான் நம்புகிறார்கள். அங்கே உன்னைக் கூப்பிட மாட்டார்கள். உன் வேலை பெயரில்லாத சின்னஞ்சிறு குழாய்களில். அவை ஒவ்வொன்றும் கசிவது கொஞ்சம்தான். எல்லாம் சேர்ந்தால் காயம் நிரம்பி, எது நரம்பு எது தசை என்று தெரியாமல் போகும். சர்ஜனுக்கு அவசரம் பிடிக்கும். அந்த அவசரத்தைப்போல் ஆபத்து தியேட்டரில் வேறில்லை. கரண்ட் திரும்பியதும் நீ 'பீப்' என்று குரல் கொடுப்பாய். ஃபோர்செப்ஸ் நுனியில் உன்னை வைத்ததும் அந்தப் புள்ளி வெளுத்து அடங்கும். சர்ஜனின் தோள் சற்றே தளர்வதைப் பின்னால் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வெட்டத் தெரிந்த கத்திகள் உனக்கு முன்பும் இருந்தன. நிதானமாக வெட்டலாம் என்ற சலுகை உன்னால் வந்தது.

காட்டரியே, முதலில் உன்னைக் கண்டாலே எனக்குப் பயம். ஈரக்கையோடு சுவிட்சைத் தொடாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். மயங்கிக் கிடக்கிற ஒருவர் உடம்புக்குள் கரண்ட்டை விடுகிறார்கள் என்றால் பயம் வராதா? தியேட்டர் டெக்னீஷியன் அண்ணன் ஒருவர்தான் விளக்கினார். வீட்டுக் கரண்ட் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் புரள்கிறது. அந்த வேகத்துக்குத் தசையும் நரம்பும் ஈடுகொடுத்துத் துள்ளும். இதயமும் சேர்ந்து துள்ளினால் ஆள் போய்விடுவார். மெஷின் அதே கரண்ட்டை வாங்கி, நொடிக்கு மூன்று லட்சம், ஐந்து லட்சம் முறை புரளும்படி மாற்றிவிடுகிறது. அந்த வேகத்தில் நரம்புக்குத் துள்ள நேரமே கிடைப்பதில்லை. பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டால் தசை துடிப்பதில்லை என்று பிரான்சில் ஆர்சென் தார்சொன்வால் 1890களின் தொடக்கத்திலேயே காட்டியிருந்தார். மீடியம் வேவ் ரேடியோ தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழேதான் உன் அலைவரிசை. நீ வாய் திறந்தால் போதும், இ.சி.ஜி. திரையில் கோடெல்லாம் கிறுக்கலாகிவிடும். மயக்க டாக்டர் உன்னை ஒரு முறை முறைப்பார், பிறகு என்னை.

காட்டரியே, சூடு வைப்பது உனக்கு முன்பே இருந்த வைத்தியம்தான். சுசுருத சம்ஹிதையில் அக்னிகர்மம் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினில் வாழ்ந்த அல்-சஹ்ராவி சூட்டுக்கோல்களைப் படம் வரைந்தே விளக்கியிருக்கிறார். அவையெல்லாம் நெருப்பில் பழுத்த இரும்பு. சூடு வெளியிலிருந்து வரும். உன் வழி வேறு. நீ திசுவுக்குள் பாய்கிறாய், திசு உன்னைத் தடுக்கிறது, அந்தத் தடையில் திசு தானாகவே சூடேறுகிறது. மஞ்சளை அழுத்தினால் விடாமல் பாய்வாய். செல்லுக்குள் இருக்கிற நீர் சட்டென ஆவியாகி, செல் வெடித்து, முனை போகிற வழியில் திசு பிளந்துகொடுக்கும். நீலத்தை அழுத்தினால் விட்டுவிட்டுப் பாய்வாய்: நூறில் ஆறு பங்கு நேரம் ஓட்டம், மீதியெல்லாம் ஓய்வு, ஆனால் வோல்ட்டேஜ் கூடுதல். அந்த ஓய்வுக்குள் திசு சற்று ஆறிவிடுவதால் வெடிப்பதில்லை. நீர் வற்றிச் சுருங்கி, குழாயின் வாயை மூடிக்கொள்கிறது. நூறில் ஆறு பங்கு உழைத்துவிட்டு இவ்வளவு நல்ல பெயர் வாங்குகிற ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை. எங்களுக்கு டியூட்டி சார்ட் போட்டவர்களுக்கு யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

என் காட்டரியே, உன்னை இந்த உருவத்துக்குக் கொண்டுவந்தவர் சர்ஜன் இல்லை என்று படித்தபோது எனக்குள் ஒரு சந்தோஷம். வில்லியம் போவி தாவரங்களின் உடலியலைப் படித்து ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். அங்கேயே புற்றுநோய் ஆய்வில் இருந்தபோது உன்னைச் செய்தார். அதே பாஸ்டன் நகரத்தில், பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் ஹார்வி குஷிங் இருந்தார். மூளை அறுவையில் அவருக்கு மேல் பெயர் அன்று யாருக்கும் இல்லை. ஆனால் இரத்தத்தோடு ஓயாத மல்லுக்கட்டு. குழாய் வாயைக் கவ்வச் சின்ன வெள்ளிக் கிளிப்புகளை 1911இலேயே கொண்டுவந்திருந்தார். தசைத் துண்டை வைத்து அழுத்திப் பார்த்தார். அப்படியும் சில கட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு, கைவைக்க முடியாமல் மூடியிருக்கிறார். 1926 அக்டோபர் 1 அன்று அவர் மேஜையில் இருந்தவர் தலையில் கட்டியோடு வந்த 64 வயதுக்காரர். சில நாள் முன்பு தொடங்கிய ஆபரேஷனை இரத்தம் கொட்டியதால் பாதியில் நிறுத்தியிருந்தார்கள். இந்த முறை போவி தன் மெஷினோடு வந்து நின்றார். கட்டி வெளியே வந்தது. முந்தைய முறை கொட்டிய இரத்தம் இந்த முறை இல்லை.

காட்டரியே, அதற்குப் பிறகு குஷிங் செய்த காரியம்தான் உன் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது. கைவைக்க முடியாது என்று முன்பு அனுப்பிவிட்டவர்களில் சிலரைத் திரும்ப வரவழைத்தார். 'இனிச் செய்ய ஒன்றுமில்லை' என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்களின் முகம் எனக்குத் தெரியும். டிஸ்சார்ஜ் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாமல் நிற்பார்கள். அப்படிப் போன ஒருவருக்கு, 'வாருங்கள், இன்னொரு தடவை பார்க்கலாம்' என்று ஆஸ்பத்திரியே சொல்லியனுப்புகிறது. அதைச் சொல்ல ஒரு டாக்டருக்குத் தைரியம் கொடுத்தாயே, அதற்கே உனக்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும். நீ அப்போது சாதுவாகவும் இல்லை. ஒருமுறை உலோக ரிட்ராக்டர் வழியாகக் குஷிங்கின் கையில் ஏறி, அவருடைய தலைவிளக்கு வழியாக வெளியேறியிருக்கிறாய். அப்படியும் அந்த மனிதர் உன்னைக் கைவிடவில்லை. 1928இல் உன்னைப் பற்றி நீண்ட கட்டுரையாக எழுதினார், அதில் உன் மெஷினைப் பற்றிப் போவியும் எழுதினார்.

காட்டரியே, போவிக்கு நீ என்ன கொடுத்தாய் என்று கேட்டால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. உன் காப்புரிமையைச் சின்சினாட்டியில் இருந்த லீபல்-ஃப்ளார்ஷைம் கம்பெனிக்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார் என்கிறார்கள். ஹார்வர்டில் அவருக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1958இல் இறந்தபோது கையில் பெரிதாக ஒன்றுமில்லை. அமெரிக்கத் தியேட்டர்களில் இன்றும் உன்னைக் கேட்டு வாங்கும்போது 'போவி' என்றுதான் கேட்கிறார்கள். எங்கள் பக்கம் அந்தப் பெயர் வந்து சேரவில்லை. அதனால் என் பங்குக்கு இங்கே அவர் பெயரை எழுதி வைக்கிறேன்.

காட்டரியே, இனி நம் இருவருக்கும் உரிய பக்கத்துக்கு வருகிறேன். உன் முனை வழியாக உடம்புக்குள் போன கரண்ட் எங்காவது வெளியேறி மெஷினுக்குத் திரும்பியாக வேண்டும். அந்த வாசல்தான் பிளேட். முனையில் போகிற அளவுதான் பிளேட்டிலும் வருகிறது. அங்கே திசு வெடிக்கிறது, இங்கே தோலுக்குச் செய்தியே தெரிவதில்லை. தேர் பார்க்க வந்த கூட்டம் சந்துக்குள் நசுங்கிவிட்டு, தேரடி மைதானத்துக்கு வந்ததும் கைவீசி நடக்கிறதே, அப்படி. ஆட்கள் அதே ஆட்கள்தான். மைதானம் சுருங்கினால்தான் ஆபத்து. பிளேட்டின் ஓரம் பிய்ந்து எழும்பினாலும், அடியில் முடியோ ஈரமோ இருந்தாலும், ஒட்டியிருக்கிற மிச்ச இடத்தில் கரண்ட் நெரிந்து தோல் வெந்துபோகும். மயக்கத்தில் இருப்பவர் 'சுடுகிறது' என்று சொல்லப்போவதில்லை. ஆபரேஷன் முடிந்து துணியை விலக்கும்போதுதான் தெரியும். அவருக்குப் பதிலாக முன்கூட்டியே யோசிக்க வேண்டியவள் பிளேட் ஒட்டுகிறவள்.

காட்டரியே, அந்த யோசனையைப் பழக்கமாக்கியது நீ. எலும்பு துருத்தும் இடம் வேண்டாம், பழைய தழும்பு வேண்டாம், உள்ளே ஸ்டீல் வைத்த பக்கம் வேண்டாம். சதைப்பிடிப்பான, இரத்த ஓட்டம் நன்றாக உள்ள இடமாகப் பார். முடியை எடு, துடை, காயவிடு. நடுவே நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தால் மறுபடி பார். முன்பு உலோகத் தகடு. ஜெல்லி தடவி உடம்புக்கு அடியில் தள்ளுவோம், அது ஓரமாக நழுவும். பிறகு ஒட்டுகிற பிளேட் வந்தது. அதிலும் இரண்டு பாதியாகப் பிரித்த பிளேட் வந்தபின், இரண்டும் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று நீயே பார்த்து, இல்லையென்றால் அலறிவிட்டு ஓட மறுக்கிறாய். நீ அலறும்போதெல்லாம் சர்ஜன் எரிச்சலோடு என்னைத் திரும்பிப் பார்ப்பார். எனக்கோ உன்மேல் பாசம்தான் கூடும்.

காட்டரியே, உன்னால் நான் பேசிய தாலிப் பேச்சுகளுக்குக் கணக்கில்லை. உடம்பில் உலோகம் இருந்தால் நீ வழிமாறிச் சுடக்கூடும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். இன்றைய மெஷின்களில் அந்த ஆபத்து குறைவு. ஆனாலும் நகையைக் கழற்றச் சொல்லும் வழக்கம் போகவில்லை. "இது மட்டும் இருக்கட்டும் சிஸ்டர்" என்று கழுத்தைப் பொத்திக்கொள்வார்கள். பொன்னை அவிழ்த்து மாமியார் கையில் கொடுத்துவிட்டு, கயிற்றில் விரலி மஞ்சளைக் கோத்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். தாலிகூடப் பரவாயில்லை. மெட்டி இருக்கிறதே! கல்யாணத்தன்று ஏறியது விரலோடு ஒன்றாகியிருக்கும். சோப்புத் தண்ணீர் ஊற்றி, திருகித் திருகி, நான் அந்தக் காலடியில் உட்கார்ந்திருப்பேன். அவர்கள் மேலே கூரையைப் பார்த்தபடி, பிள்ளையை யாரிடம் விட்டு வந்தார்கள், வீட்டுக்காரர் வந்தாரா வரவில்லையா, போன பிரசவம் எப்படி என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். கேஸ் ஷீட்டில் இல்லாத செய்திகள். சில சமயம் டாக்டருக்கு உதவிய செய்திகளும் அதில் இருந்தன. வரவே மாட்டேன் என்ற மெட்டிக்குப் பிளாஸ்டர் சுற்றி உள்ளே அனுப்புவோம்.

அருமைக் காட்டரியே, என் அப்பாவுக்கு நீ செய்ததை வீட்டில் இன்னும் பேசுகிறோம். எழுபதைத் தாண்டியபின் பிராஸ்டேட் வீங்கி, சிறுநீர் அடைத்து, டியூபும் பையுமாக வீட்டுக்குள்ளேயே சுருண்டுவிட்டார். கோயிலுக்குப் போவதில்லை, வாசல் திண்ணையில் உட்காருவதில்லை, பையை வேட்டிக்குள் மறைத்து மறைத்து ஆளே குறுகிப்போனார். அவருக்கு முந்தைய தலைமுறைக்கு இதற்கு அடிவயிற்றைக் கிழித்தாக வேண்டியிருந்தது. அப்பாவுக்குச் சிறுநீர்ப் பாதை வழியாகவே குழாயை விட்டார்கள். அதன் நுனியில் மெல்லிய கம்பி வளையம், அதில் நீ. அந்தக் கருவியை மாக்சிமிலியன் ஸ்டெர்ன் 1926இல் அறிமுகம் செய்தார், பாஸ்டனில் நீ குஷிங்குக்குத் துணைநின்ற அதே வருஷம். வெட்டவும் இரத்தத்தை அடக்கவும் அதற்கு அப்போது வலு போதவில்லை. மின்வேலை அறிந்த சிறுநீரக டாக்டர் டேவிஸ் தென் கரோலினாவில் அதைத் தேற்றினார். 1930களின் தொடக்கத்தில் டாக்டர் மெக்கார்த்தி கையில் இன்றைய வடிவத்துக்கு அருகில் வந்தது. உள்ளே பார்வை தெரிய நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சலைன் விட்டால் அது உன்னைக் கடத்திச் சிதறடித்துவிடும். வெறும் தண்ணீர் இரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். அதனால் கிளைசின், 1.5 சதவீதம். பாட்டில் பாட்டிலாக நான் மாட்டியிருக்கிறேன், வேறு யார் யாருடைய அப்பாக்களுக்கோ.

காட்டரியே, அன்று நான் தியேட்டருக்கு வெளியே மகளாக நின்றேன். உள்ளே பிளேட் ஒட்டியவள் என் தோழி. "சரியா ஒட்டினியாடி?" என்று கேட்டேன், அவள் பார்த்த பார்வைக்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. அப்பாவுக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்திருந்தது, ஆள் விழிப்புதான். உன் பீப் சத்தத்தைக் கேட்டு, "யாருங்க உள்ள வண்டிய ரிவர்ஸ் எடுக்கிறது?" என்று கேட்டாராம். பிராஸ்டேட் சீவல் சீவலாகக் கழுவி வந்தது. சில நாளில் டியூபை எடுத்தார்கள். பாத்ரூமிலிருந்து வெளியே வந்து, வார்டே கேட்கும்படி "போச்சும்மா, நல்லாப் போச்சு" என்றார். அடுத்த வாரம் திண்ணைக்குத் திரும்பினார்.

காட்டரியே, அதே கம்பி வளையத்தோடு நீ பெண்களுக்குச் செய்வதையும் சொல்ல வேண்டும். கர்ப்பப்பை வாயில் புற்றாக மாறக்கூடிய திசு தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து, வளையத்தால் ஒரே வீச்சில் சீவி எடுத்துவிடுவார்கள். சில நிமிட வேலை. சீவியது பரிசோதனைக்கு முழுசாகப் போகும். கர்ப்பப்பை இருந்த இடத்திலேயே இருக்கும். "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, ரேஷன் கடை மூடுவதற்குள் போக வேண்டும் என்று கிளம்பிய அம்மாவை எனக்கு ஞாபகம் இருக்கிறது. தனக்கு என்ன வராமல் போனது என்று அவருக்கு முழுதாகத் தெரியாது. உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

காட்டரியே, உன் தம்பி பைபோலாரை மறந்தால் அவன் கோபித்துக்கொள்வான். ஃபோர்செப்ஸின் ஒரு காலில் போய் மறுகாலில் திரும்பிவிடுகிறவன். நடுவில் கவ்வியிருக்கிற துளித் திசு மட்டும் சூடாகும், பிளேட்டே வேண்டாம். 1940இல் டாக்டர் கிரீன்வுட் தொடங்கிவைத்ததை நியூயார்க்கின் லியோனார்ட் மேலிஸ் மூளை அறுவைக்கு ஏற்றபடி தேற்றினார். மூளையிலும் முதுகுத்தண்டிலும் இன்று அவன் ராஜ்யம்தான். அவன் வேலைசெய்யும் நாளில் எனக்கு வேலை குறைவு. ஆகவே அவனிடம் மரியாதை உண்டு, ஒட்டுதல் குறைவு.

காட்டரியே, உறவென்றால் திட்டவும் உரிமை உண்டு. தோலில் தடவிய ஸ்பிரிட் காய்வதற்குள் உன்னை அழுத்தினால் தீப்பிடிக்கும்; துணிக்கு அடியில் ஆக்சிஜன் தேங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். மூன்று நிமிடம் காயட்டும் என்று மணி பார்த்துக்கொண்டு நின்று, அவசரக்கார சர்ஜன்களிடம் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன். பேஸ்மேக்கர் வைத்தவர் வந்தால் உன்னால் எங்களுக்குத் தனிப் பதற்றம். எல்லாவற்றிலும் மோசம் உன் புகை. எரிந்த சதையின் அந்த நாற்றம் முடியிலும் முகமூடியிலும் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். பென்சீன் முதல் வைரஸ் துணுக்கு வரை அதில் இருக்கிறது என்று பின்னால்தான் சொன்னார்கள். அதை உறிஞ்சி எடுக்கத் தனி மெஷின் இருக்கிறது. பல தியேட்டர்களில் இன்னும் வாங்கவில்லை. சக்ஷன் டியூபை உன் முனைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிற பயிற்சி டாக்டர்தான் அந்த மெஷின். இதில் உன்னைவிட, வாங்கிக் கொடுக்க வேண்டியவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

காட்டரியே, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் எனக்குப் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். லேப்ராஸ்கோப்பிதான், கல்லீரலை ஒட்டியிருக்கிற பித்தப்பையைக் கொக்கி முனையால் உரித்தெடுக்க நீ வருவாய். இடது முட்டியில் ஸ்டீல் இருப்பதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன், பிளேட்டை வலது தொடையில் ஒட்டச் சொல்லி. ஒட்டப்போகிற சின்னப் பெண் சிரித்துக்கொண்டே, "தெரியும் மேடம்" என்றாள். தாலிக்குப் பதில் கட்ட விரலி மஞ்சள் எடுத்து வைத்தாயிற்று. மெட்டிதான் நேற்றிலிருந்து சோப்பில் ஊறிக்கொண்டிருக்கிறது, அசைவேனா என்கிறது.

இப்படிக்கு,
பிளேட் ஒட்டிய சிஸ்டர்